முதலில் காலணி, பிறகுதான் துடுப்பு

நெமிலி
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. போன வாரம் உன் அப்பா வந்தபோது உன்மேல் ஒரு புகாரோடு வந்தான். புதுச்சேரிக் கடலில் மூச்சை அடக்கி முங்கப் பழகுகிறாயாம், அதற்காக ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டுக் காலில் மாட்டுகிற கார்பன் துடுப்பு (ஃபின்) வாங்கப் போகிறாயாம், "நீங்களாவது சொல்லுங்கண்ணா" என்றான். முங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. குசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்த வருஷங்களில் நானும் உன் அப்பாவும் கரையேறியது பசித்தபோது மட்டும்தான். அதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

ஆனால் ஃபின் விஷயத்தில் பேச எனக்கு உரிமை உண்டு. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலுமாக முப்பது வருஷம் ஷூ கம்பெனியில், மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்துகிற லாஸ்டிங் பிரிவில் நின்றவன். நீ அனுப்பிய படங்களில் நீ பார்ப்பது அந்த நீளத் தகட்டை. என் கண்ணுக்குப் படுவது அதன் பின்னால் இருக்கிற ரப்பர் செருப்பு. ஃபுட் பாக்கெட் என்கிறாயே, அதுதான். அது சரியாக அமையாவிட்டால் தகடு எதில் செய்திருந்தாலும் பணம் தண்டம்.

காரணம் சொல்கிறேன். தொடையிலிருந்து வருகிற உதை பாதம் வழியாகத்தான் தகட்டுக்குப் போகவேண்டும். செருப்புக்குள் குதிகால் கால் அங்குலம் ஆடினால் ஒவ்வொரு உதையிலும் அந்தக் கால் அங்குலம் வீண். தரையில் நடக்கிறவனுக்கு அது கொப்புளத்தோடு போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவனுக்கு அது பிராணவாயுக் கணக்கு. இறுக்கினாலும் ஆபத்துதான். ரத்த ஓட்டம் தடைபட்டால் பாதம் மரத்து, உள்ளங்கால் சுளுக்கி இழுக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்வாய்?

அளவு விஷயத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நீ கடையில் கேட்கிற ஏழு, எட்டு எல்லாம் இங்கிலீஷ் அளவு, அதில் ஒரு நம்பருக்கு அங்குலத்தில் மூன்றில் ஒன்று. ஃபின்காரர்கள் பெரும்பாலும் 42-43, 44-45 என்று இரண்டு நம்பரை ஒரே அச்சில் அடக்கிவிடுவார்கள். அந்த அச்சும் வெள்ளைக்காரன் காலுக்கு எடுத்தது. சென்னை அடையாற்றில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 கடைசியில் தொடங்கி, நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் காலை அளந்து பார்த்தது. நம்முடைய பாதம் வெள்ளைக்காரர்களுடையதைவிட அகலம் என்று வந்தது. 'பா' என்று இந்தியாவுக்கே ஓர் அளவு முறை கொண்டுவர அதை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். ஆம்பூரில் ஏற்றுமதி ஷூவில் ரிஜெக்ட் ஆனதை நாங்கள் போட்டுப் பார்த்தாலே இது தெரியும். நீளம் சரியாக இருக்கும், சுண்டுவிரல் பக்கம் கடிக்கும்.

நம் குடும்பத்துக் கால் எல்லாமே வாத்துக் கால். அதனால் நீளத்தை மட்டும் அளந்து ஆர்டர் போடாதே. விரல் நுனி திறந்த மாதிரிகள் நமக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். வெறுங்காலில் போடாமல் நியோப்ரீன் சாக்ஸோடு போடு. மூன்று மில்லிமீட்டர் சாக்ஸ் முன்னும் பின்னுமாக ஆறு மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும், அதாவது கிட்டத்தட்ட ஒரு நம்பர். இன்னொன்றும் கவனி. நியோப்ரீனுக்குள் இருப்பது காற்றுக் குமிழிகள். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகும், சாக்ஸ் நசுங்கும், மேலே கச்சிதமாக இருந்தது கீழே தளரும். ஆகையால் கரையில் போடும்போது வலியில்லாத இறுக்கம் இருக்கட்டும். கொஞ்சம் லூசாக இருந்தால் குதிகாலைச் சுற்றிப் போடுகிற ரப்பர் பட்டை இருக்கிறது, சொற்பக் காசு. விரலை நசுக்குகிற ஃபின்னுக்கு எந்த வைத்தியமும் இல்லை.

தகட்டுக்கு வருகிறேன். பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ், கார்பன் என்று மூன்று ஜாதி. ஒரு கார்பன் ஜோடி விலைக்கு நாலு பிளாஸ்டிக் ஜோடி வாங்கலாம், ஃபைபர் இரண்டுக்கும் நடுவில். கார்பன் லேசு, வளைந்தது சட்டென்று நிமிரும், கொடுத்த உதையைத் திருப்பித் தரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இடுப்பிலிருந்து நீளமாக, நிதானமாக உதைக்கத் தெரிந்திருக்க வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கிறவனுக்கு எல்லாத் தகடும் ஒன்றுதான். நீ இப்போது மிதிப்பது சைக்கிள். வீடியோவில் பார்த்தேன்.

நீளத் தகட்டின் சூட்சுமமே அவசரமில்லாத உதை. பெரிய தசை மெதுவாக வேலை செய்தால் மூச்சு மிஞ்சும். அதனால் விறைப்பான தகடு வேண்டாம், மிருதுவானதை எடு. விறைப்பு உன் தொடையைத்தான் எரிக்கும். தகடு செருப்போடு நேர்கோட்டில் இல்லாமல் சற்றுக் கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பார். மனுஷனுக்குக் கணுக்கால் முழுக்க நிமிராது, அந்தக் குறையைச் சாய்வுதான் ஈடுகட்டும். கடைசியாக, செருப்பின் அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பார். ஷூவில் நடுவில் ஒரு எஃகுப் பட்டை வைப்போம், ஷாங்க் என்று பெயர், பாதம் தொய்யாமல் இருக்க. ஃபின்னிலும் அந்த இடம் துவளக் கூடாது.

என் தீர்ப்பைக் கேட்டால், தகட்டைக் கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் ஃபின்னாக ஒன்றை எடு. இத்தாலிக்காரன் கிரெஸ்ஸியில் 'காரா மாடுலர்' என்று வருகிறது, மாரெஸ் 'ரேசர்' அந்த வகைதான். பிரான்ஸின் பூஷாவும் நல்ல பிளாஸ்டிக் ஃபின் போடுகிறான். காலுக்குப் பொருந்தினால் செருப்பை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் கழித்துத் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஷூவுக்குச் சோல் மாற்றுகிற கதைதான். பழையது கிடைத்தாலும் வாங்கு, ரப்பரில் வெடிப்பு இல்லை என்றால். வாங்கியதை வெயிலில் நிற்கிற காருக்குள் போடாதே, நுனியை ஊன்றி நிறுத்தாதே, பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் படுக்கப் போடு.

விலை கூடினால்தான் ஆழம் போகலாம் என்று யாராவது சொன்னால், கீழக்கரைப் பக்கம் ஒரு நடை போய்வரச் சொல். சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறை அதுவும் இல்லாமல், கயிற்றில் கட்டிய கல்லை மிதித்துக்கொண்டு முத்துக்கு இறங்கியது. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல். ரப்பர் ஃபின்னுக்கு பிரெஞ்சுக் கடற்படைக்காரர் லூயி டி கோர்லியு காப்புரிமை வாங்கியதே 1933இல்தான்.

ஈட்டி விஷயம். உன் அப்பாவுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும், ஈட்டித் துப்பாக்கிக்கும் விலை விசாரித்திருக்கிறாய். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே அதைக் கொண்டுபோனால் வழக்குதான். இலங்கையில் ஈட்டித் துப்பாக்கிக்கே தடை. வேறு எங்கேயானாலும் மீன்வளத் துறையில் கேட்காமல் இறங்காதே. கேட்பதற்கு வெட்கப்பட்டால் வாங்காதே.

காவேரிப்பாக்கம் ஏரியில் வந்து பழகலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. கலங்கல் தண்ணீரில் கூட வந்தவன் கை எட்டும் தூரத்திலும் தெரிய மாட்டான். அடியில் எத்தனை தங்கூசி வலை அறுந்து கிடக்கிறதோ. மீட்டர் நீள ஃபின் அதில் மாட்டினால் குனிந்து எடுக்கக்கூட முடியாது. கடலிலும் தனியாக ஒருபோதும் போகாதே. ஒருவன் கீழே போனால் இன்னொருவன் மேலே கண் எடுக்காமல் பார்க்கவேண்டும். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடாதே. அது மூச்சு முட்டுகிற எச்சரிக்கையைத்தான் தள்ளிப்போடும், பிராணவாயுவைக் கூட்டாது. மயக்கம் பெரும்பாலும் ஏறி வரும்போது, மேல்மட்டத்துக்குப் பக்கத்தில்தான் வரும். ஃபின்னில் மிச்சம் பிடிக்கிற பணத்தில் முறையான ஒரு வகுப்புக்குப் போ. உன் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

இப்போதைக்கு ஒரு வேலை செய். சாயங்காலம், நாளெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அட்டையில் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரை. விரல் மேட்டைச் சுற்றி டேப்பை ஓட்டி, சுற்றளவை ஓரத்தில் எழுது. இடதும் வலதும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் அனுப்பு. அது என் கைக்கு வந்து சேரும்வரை எதற்கும் பணம் கட்டாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா