‘ஆஃப்-புட்டிங்’ என்று எழுதும் முன்: சில குறிப்புகள்

1. பிள்ளை ‘ஆஃப்-புட்டிங்’ என்றால் என்ன என்று கேட்டால், ‘ஊக்கமிழக்கச் செய்கிற’ என்று சொல்லிக் குழப்பாதீர்கள். ‘கிட்டப் போகவே மனசு வராத’ என்று சொல்லி, முகத்தையும் சுளித்துக் காட்டுங்கள். பிறகு மறக்காது.

2. எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைக்கு உதாரணம் ஊரிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்து வந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. “எண்ணூர் மீனா?” என்று கேட்டு, கூடையை முகர்ந்து பார்த்து நகர்ந்தவருக்கு அந்த எண்ணெய் வாடை ‘ஆஃப்-புட்டிங்’. கூடையை அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவுக்கு அது ‘டிஸ்ஹார்ட்டனிங்’, மனசு விட்டுப்போவது. கூடை ஒன்றுதான், சொல் இரண்டு.

3. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது என்றும் அர்த்தம் உண்டு. கரண்ட் பில் கட்டுவதைத் தள்ளிப்போட்டால் அது ‘புட்டிங் ஆஃப்’. சொல்லைத் திருப்பி ‘ஆஃப்-புட்டிங்’ என்று போட்டால் பொருளே மாறிவிடும்.

4. மலைப்பாக இருப்பது ‘டான்டிங்’. கணக்குப் புத்தகத்தின் கனம் அந்த ரகம். மலைப்பாக இருப்பது பிடிக்காமல் போக வேண்டியதில்லை, அதனால் அது ‘ஆஃப்-புட்டிங்’ அல்ல.

5. ஏமாற்றம் தந்ததும் ‘ஆஃப்-புட்டிங்’ ஆகாது, அதற்கு ‘டாம்ப் ஸ்க்விப்’ இருக்கிறது. அப்படியென்றால் நமத்துப்போன வெடி. பெரிதாக எதிர்பார்த்துப் புஸ்ஸென்று போன விஷயத்தைச் சொல்வது. கடற்காற்றில் பொரியே நமத்துப்போகும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ‘ஸ்க்விட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கணவாய். ஆங்கிலேயர்களே அடிக்கடி இப்படி உளறுகிறார்கள்! (ஈரமில்லாத கணவாயை யார் பார்த்தது?)

6. முக்கியமானது இது. புகார் மனுவில் ‘ஆஃப்-புட்டிங் ஸ்மெல்’ என்று எழுதவே கூடாது. அது பூசணம் பிடித்த துணிக்கும் ஊசிப்போன குழம்புக்கும் போதுமான சொல். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு ஓடினார்கள். அதை ‘பிடிக்காத வாடை’ என்று எழுதினால் படிக்கிற அதிகாரி ஊதுபத்தி ஏற்றச் சொல்வார். கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து, எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று வரிசையாக எழுதுங்கள்.

7. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். நகலில் தேதியோடு சீல் வாங்க மறக்காதீர்கள்.