மலை இல்லாத ஊரில் ஒரு மலை

கே: ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறோம். ஒரே நாளில் ஒரு மலையும் ஒரு கடலோரக் கிராமமும் காட்ட முடியுமா?

ப: தாராளமாக. ஆனால் மலையேறும் சப்பாத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் சமவெளி. கீரிமலையும் பெயரில்தான் மலை. பிள்ளைகள் ஏமாறமாட்டார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் உப்புக்கடல் அலையடிக்கும், இந்தப்பக்கம் நன்னீர் ஊற்றுக் கேணி. யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வெள்ளனவே வான் பிடித்துப் போனால், வெயில் ஏறமுன் குளித்துவிடலாம். பெண்களுக்குக் கேணி தனி. துவாயும் மாற்றுடுப்பும் முக்கியம். ஆடி அமாவாசையன்று மட்டும் வேண்டாம். பிதிர்க்கடன் செய்ய வருகிற சனத்தில் படியில் கால்வைக்க இடமிராது. நகுலேஸ்வரம் கோயில் பக்கத்திலேயே.

பிறகு தொண்டைமானாறு வழியாக வல்வெட்டித்துறை. இந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போனது. கரையில் நின்று அந்தக் கதையைச் சொல்லுங்கள், கைபேசி தானாகக் கீழே இறங்கும்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் பருத்தித்துறை. அங்கே தட்டை வடை இரண்டு பை வாங்குங்கள். ஒன்று வானுக்குள்ளேயே முடிந்துவிடும்.