இயற்பியலிலிருந்து பியானோவிற்கு

பியானோ வாசிப்பதையே தொழிலாகக் கொண்டு ஒருவர் வாழ முடியுமா? நம் பிள்ளைகளில் சிலர் சிறு வயதிலேயே பியானோ வகுப்பிற்குச் செல்கின்றனர். நிலை நிலையாகத் தேர்வும் எழுதுகின்றனர். படிவம் நான்கில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்ததும் இசை மெல்லப் பின்னுக்குப் போய்விடுகிறது. அறிவியல் பிரிவு முன்னே வந்து நிற்கிறது. அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தமிழர் இத்தகைய தெரிவை இன்னும் கடினமான கட்டத்தில், முனைவர் பட்டப் படிப்பின் நடுவே எதிர்கொண்டார். அவர்தான் விஜய் ஐயர்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் ஆசிய நாடுகளிலிருந்து படித்தவர்கள் பலர் அங்குக் குடியேறினர். விஜய் ஐயரின் பெற்றோரும் அவ்வாறு சென்ற தமிழர்களே. நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆல்பனி நகரில் 1971ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மூன்று வயதில் வயலின் கற்கத் தொடங்கி, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் முறையாகப் பயின்றார். பியானோவோ அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதது. வீட்டில் தமக்கைக்காக வாங்கிய பியானோ இருந்தது. கேட்ட பாடல்களைக் காதால் பிடித்து, விரலால் தேடித் தேடி அதில் வாசித்துப் பழகினார். பிற்காலத்தில் உலக மேடைகளில் அமர்ந்து வாசித்தவர் ஒரு தேர்வுச் சான்றிதழும் இல்லாமல் இப்படித்தான் தொடங்கினார்.

யேல் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதமும் இயற்பியலும் படித்தார். பின்னர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெறும் நோக்கத்தோடு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பகலில் ஆய்வு, இரவில் அருகிலுள்ள ஓக்லண்ட் நகரில் ஜாஸ் இசை. ஜாஸ் என்பது ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வளர்த்தெடுத்த இசை. அதில் எழுதி வைத்த மெட்டு ஒரு தொடக்கம் மட்டுமே. மற்றவற்றை மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்க வேண்டும். கர்நாடக இசையில் இதனை மனோதர்மம் என்பர். ஸ்டீவ் கோல்மன் என்னும் புகழ்பெற்ற சாக்சபோன் கலைஞர் இவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1995ஆம் ஆண்டில் விஜய் ஐயரின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

அக்காலத்தில் அமெரிக்க ஜாஸ் மேடையில் இந்திய வம்சாவளியினரைக் காண்பது அரிது. 'இவரைப் போல் நானும் வருவேன்' என்று சுட்டிக்காட்ட அவருக்கு முன்னோடி எவரும் இல்லை. இருப்பினும், முதுகலைப் பட்டத்தோடு அவர் இயற்பியலை விட்டார். ஆனால், ஆய்வை விட்டுவிடவில்லை. கலையையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கும் புதிய ஆய்வுத் துறை ஒன்றை அதே பல்கலைக்கழகத்தில் வகுத்துக்கொண்டு, 1998ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். தாளத்தை மனிதன் எவ்வாறு உணர்கிறான் என்பதே அவரது ஆய்வு. தாளம் மூளையில் மட்டும் எண்ணப்படுவதன்று; நடக்கும் காலிலும் அசையும் கையிலும் அது இருக்கிறது என்று அவர் காட்டினார். நியாலாஸ், ஜாசின் வட்டாரத் தோட்டக் கோயில்களில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஏடு பார்த்து உறுமி அடிப்பவரை நாம் கண்டதுண்டா?

கணிதமும் அவரை விட்டு நீங்கவில்லை. 2009ஆம் ஆண்டில் அவரது மூவர் குழு 'ஹிஸ்டாரிசிட்டி' என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதில் 'மிஸ்டிக் புரூ' என்னும் பழைய இசைத்துண்டு ஒன்றை அவர்கள் புதிதாக வாசித்தனர். அதன் தாளத்தில் நீண்ட பகுதியும் குறுகிய பகுதியும் மாறி மாறி வரும். எட்டு வரை எண்ணி, ஒன்றிலும் ஆறிலும் கைதட்டிப் பாருங்கள். ஐந்தும் மூன்றுமாக நொண்டுவது போன்ற ஒரு நடை கேட்கும். அடுத்துப் பதின்மூன்று வரை எண்ணி, ஒன்றிலும் ஒன்பதிலும் தட்டுங்கள். இது எட்டும் ஐந்தும். பின்னர் இருபத்தொன்று, அது பதின்மூன்றும் எட்டும். எண்கள் பெருகினாலும் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், காதுக்கு அதே நடைதான் கேட்கிறது.

3, 5, 8, 13, 21 என வளரும் இவ்வரிசையை ஃபிபொனாச்சி எண்கள் என்பர். இத்தாலியரான ஃபிபொனாச்சி இதனை 1202ஆம் ஆண்டில் எழுதினார். அவருக்கும் முன்பே, குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரர் என்னும் சமண அறிஞர் செய்யுளின் மாத்திரைக் கணக்கில் இதே எண்களைக் கண்டிருந்தார். நீங்களும் காணலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையில் நிரப்பலாம்? மூன்று வகை. நான்கு மாத்திரையை ஐந்து வகையிலும் ஐந்து மாத்திரையை எட்டு வகையிலும் நிரப்பலாம். ஆறு மாத்திரைக்கு எத்தனை வகை என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'தீர்த்தா' தொகுப்பில், மின்கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவோடும் தபேலாக் கலைஞர் நிதின் மிட்டாவோடும் அவர் இணைந்தார். 2013ஆம் ஆண்டில் அவருக்கு மெக்கார்தர் உதவிநிதி கிடைத்தது. அதன் தொகை 625,000 அமெரிக்க டாலர். மறு ஆண்டே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மேடையில் வாசிப்பது அவர் பணியில் ஒரு பாதி. மறுபாதி, பிறர் வாசிப்பதற்காக எழுதுவது. இசைக்குழுக்களும் விழாக் குழுவினரும் புதிய படைப்பை எழுதித் தரும்படி கேட்டு, அதற்கு ஊதியமும் தருவர். பிரென்டானோ என்னும் நரம்பிசை நால்வர் குழு அவரிடம் வைத்த கேள்வி சுவையானது. மோட்சார்ட் முடிக்காமல் விட்ட ஓர் இசைத்துண்டுக்கு இக்காலத்தவராகிய நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள்? பியானோவில் தாமே வாசிக்கும்போது தோன்றியதைத் தோன்றியபடி மாற்றலாம். பிறருக்கு எழுதும்போதோ ஒவ்வொரு சுரத்தையும் அதன் நீளத்தையும் தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும். எங்கே கலைஞரின் கற்பனைக்கு இடம் விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

2017ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓஹாய் இசை விழாவிற்கு அவரே இசை இயக்குநர். அருணா சாய்ராமும் ஜாகிர் உசேனும் அவ்விழாவிற்கு வந்திருந்தனர். அங்குதான், கொரிய வம்சாவளியைச் சேர்ந்த ஜெனிபர் கோ என்னும் வயலின் கலைஞருக்காக அவர் எழுதிய 'டிரபிள்' முதன்முதலில் அரங்கேறியது. அது வயலினை முதன்மையாகக் கொண்ட நெடிய படைப்பு. அதன் ஒரு பகுதியை அவர் வின்சென்ட் சின் நினைவாக எழுதினார். டெட்ராய்ட் பகுதியில் 1982ஆம் ஆண்டு, இருவர் அச்சீன அமெரிக்க இளைஞரை அடித்துக் கொன்றனர். ஜப்பானிய வாகனங்களால் அமெரிக்கர்கள் வேலை இழந்து சினம் கொண்டிருந்த காலம் அது. சீனருக்கும் ஜப்பானியருக்கும் வேறுபாடு பார்க்கக்கூட அச்சினம் விடவில்லை. கொன்றவர்களுக்கு நீதிமன்றம் அபராதமும் நன்னடத்தைக் காலமும் விதித்தது. அவர்கள் ஒருநாள்கூடச் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை.

அந்த வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், மூன்று வயதில் தாம் கற்கத் தொடங்கிய வயலினுக்காகவே விஜய் ஐயர் அப்பகுதியை எழுதினார். 2024ஆம் ஆண்டில் போஸ்டன் இசைக்குழு ஒன்று, ஜெனிபர் கோவின் வயலினோடு அதனை ஒலிப்பதிவு செய்து வெளியிட்டது.