ரப்பர் பசையில் பிறந்த ராக்கெட் மோட்டார்



1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது நாம் அறிந்ததே. அமெரிக்கா கொடுத்த 'நைக்-அப்பாச்சி' அது. அதன் மேல் அடுக்கான அப்பாச்சி மோட்டாரைச் செய்தது ஒரு ரசாயனக் கம்பெனி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 'தயோகால்' என்பது அதன் பெயர். பசை விற்ற கம்பெனி ராக்கெட்டுக்கு எப்படி வந்தது? பார்ப்போம்.

சிங்க்கை அடைத்த பசை

1920களில் ஜோசப் பாட்ரிக் என்ற அமெரிக்க வேதியியலாளர், கார் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் தடுக்கும் மலிவான திரவம் ஒன்றைத் தேடினார். எத்திலின் டைகுளோரைடையும் சோடியம் பாலிசல்பைடையும் சேர்த்தபோது கிடைத்ததோ நாற்றமடிக்கும் ஒரு பிசின்! அது சிங்க்கை அடைத்துக்கொண்டது. எந்தக் கரைப்பானுக்கும் கரையவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பாட்ரிக், "பெட்ரோலுக்கும் கரையாதே, இது நல்ல சரக்காச்சே" என்ற கோணத்தில் பார்த்தார். 1929ல் கம்பெனி பிறந்தது. கிரேக்க மொழியில் கந்தகம், பசை என்ற இரு சொற்கள் சேர்ந்ததே தயோகால். விமான எரிபொருள் டாங்க்கின் இணைப்புகளை அடைக்க அது பயன்பட்டது. கட்டட இணைப்புகளில் வைக்கும் பாலிசல்பைடு சீலண்ட்டும் இதே வம்சம்தான் என்பதை சிவில் நண்பர்கள் கவனிக்கவும்.

பசைக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

திட எரிபொருள் என்பது கான்கிரீட் கலவை மாதிரி. ஜல்லிக்குப் பதில் ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட். கூடவே அலுமினியத் தூள். சிமெண்டுக்குப் பதில் 'பைண்டர்' என்ற பசை. இந்தப் பசையும் சேர்ந்து எரியும். ஆரம்பத்தில் தாரைப் பைண்டராகப் போட்டார்கள். வெயிலில் இளகியது, குளிரில் வெடிப்பு விட்டது. வெடிப்பு விட்டால் எரியும் பரப்பு கூடும்; அழுத்தம் எகிறும்; மோட்டாரே வெடித்துவிடும். 1940களில் ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் பார்ட்லி, தயோகாலின் திரவ ரப்பரைப் பைண்டராக்கிப் பார்த்தார். அது உறைக்குள் ஊற்றியதும் இறுகி, சுவரோடு ஒட்டி, வளைந்தும் கொடுத்தது. சரக்கு விற்ற கம்பெனியே பிறகு மோட்டார் செய்ய இறங்கியது. மினிட்மேன் ஏவுகணையின் முதல் அடுக்கும், விண்வெளி ஓடத்தின் பூஸ்டர்களும் அதன் தயாரிப்புகளே.

ஒரு வளையம், ஏழு உயிர்

ஓடத்தின் பூஸ்டர் ஒவ்வொன்றிலும் சுமார் 500 டன் எரிபொருள். துண்டு துண்டாக வார்த்து இணைப்பார்கள். இணைப்பில் வாயு கசியாமல் காப்பது 'ஓ' வளையம் எனும் ரப்பர். குளிரில் ரப்பர் விறைத்தால் இடைவெளியைச் சட்டென்று அடைக்காது. 1986 ஜனவரி 27 இரவு, "12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம்" என்று ரோஜர் பாய்ஸ்ஜொலி முதலான தயோகால் பொறியாளர்கள் வாதாடினார்கள். நாசாவின் நெருக்கடியில் அவர்களுடைய மேலதிகாரிகளே முடிவை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் காலை வெப்பம் சுமார் 2 டிகிரி. 73 வினாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர் போனார்கள்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு மயிலாப்பூரில் பஞ்சர் கடை. எவ்வளவு அவசரம் என்று கஸ்டமர் கத்தினாலும், பேட்ச் போட்ட டியூபைத் தண்ணித் தொட்டியில முக்கி, குமிழி வருதான்னு பார்க்காமல் கொடுக்க மாட்டார். அந்த இரவு இல்லாமல் போனது இந்தப் பிடிவாதம்தான்.

நம் நாட்டில்

தும்பாவில் நம்மவர்கள் பைண்டரைத் தாங்களே செய்யக் கற்றார்கள். எச்.டி.பி.பி. என்ற ரப்பர் பைண்டரின் செய்முறை நோசில் என்ற இந்திய ரசாயனக் கம்பெனிக்கும் தரப்பட்டது. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் சுமார் 138 டன் திட எரிபொருள், ஐந்து துண்டுகளாக. நம் சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில்தான் அதை வார்க்கிறார்கள். அங்கும் துண்டுக்குத் துண்டு இணைப்பு உண்டு. அதைச் சோதிக்கும் கைகள் வேண்டும்.

தயோகால் என்ற பெயர் இன்று இல்லை. 2018 முதல் அதன் யூட்டா ஆலை நார்த்ரப் கிரம்மன் வசம். கம்பெனிகள் கை மாறும். ரப்பரின் குணம் மாறாது. நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு ஆலையில் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறோம். "சரியில்லை" என்று தோன்றினால், எதிரில் எவ்வளவு பெரிய அதிகாரி இருந்தாலும் அதைச் சொல்லுவோம். சொன்னதை எழுதியும் வைப்போம். டிப்ளமோக்காரன் கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு!