உப்பு மண்ணால் ஒரு விருந்தினர் இல்லம்: சீவா பாலைவனச் சோலை தரும் பாடம்

ஊர்ப்புறத்தில் வெளியூர் விருந்தினர் தங்க நாலு அறை கட்ட வேண்டும் என்றால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிமெண்டும் கம்பியும்தான். அடுத்து, அறைக்கு ஒரு ஏசி. கட்டி முடித்த பிறகு மாதாமாதம் வரப்போகும் மின்கட்டணத்தைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்ப்பவர் குறைவு. வந்து தங்கும் முசாபிருக்கு உடலும் மனமும் குளிர வேண்டும். பத்துப் பேர் மனமுவந்து கொடுத்த பணம் வீண்விரயம் ஆகவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமானால் சுவரிலிருந்தே யோசிக்க வேண்டும். அதற்கு எகிப்திலுள்ள ஓர் ஊரை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சீவாவின் சுவர்

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், லிபியா எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சீவா. கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த பள்ளம். நல்ல நீர் ஊற்றுகளும், பேரீச்சை, ஒலிவத் தோப்புகளும், உப்பு ஏரிகளும் அங்கே உண்டு. மழைதான் அநேகமாகக் கிடையாது.

செங்கல் சூளைக்கு விறகு தரும் காடு இல்லாத அந்த ஊரில், முன்னோர் ஏரிக்கரையையே பார்த்தார்கள். அங்கே காய்ந்து இறுகிக் கிடக்கும் உப்பு மண் கட்டிகளை வெட்டி எடுத்து அடுக்கினார்கள். இடையில் களிமண் சாந்து வைத்தார்கள். சாந்து காயும்போது உப்பு படிகமாகி, கட்டியையும் சாந்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாளடைவில் முழுச் சுவரும் ஒரே பாறைபோல இறுகிவிடும். இந்தக் கட்டுமானத்துக்கு கெர்ஷெஃப் என்று பெயர். கூரைக்குப் பேரீச்சை மரத் தண்டு, அதன்மேல் மட்டை, அதன்மேல் மண்.

13-ம் நூற்றாண்டில் இப்படி எழுந்ததுதான் ஷாலி என்ற கோட்டை ஊர். அடுக்கடுக்கான வீடுகளும் பள்ளிவாசலும் உப்பு மண்ணாலேயே நின்றன. 1926-ல் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. சுவர்கள் கரைந்தன, மக்கள் மேட்டை விட்டிறங்கிக் கீழே குடியேறினார்கள். பிற்காலத்தில் சிமெண்டு வந்தது. கெர்ஷெஃப் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துபோனார்கள்.

மீண்டும் எழுந்த தொழில்

1990-களின் இறுதியில் சீவாவின் வெள்ளை மலை அடிவாரத்தில் அத்ரேர் அமெல்லால் என்ற விருந்தினர் விடுதி உருவானது. ஊர் மொழியில் அப்பெயருக்கு ‘வெள்ளை மலை’ என்றே பொருள். உள்ளூர்க் கொத்தனார்கள் பழைய முறையிலேயே அதைக் கட்டினார்கள். ஏறக்குறைய 40 அறைகள். அறைகளில் மின்விளக்கு இல்லை, ஏசி இல்லை. இரவில் மெழுகுவத்தி, குளிர்காலத்தில் கணப்பு. அங்கே தங்க ஆகும் செலவு நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுபடியாகாது. ஆனால் அந்தச் சுவர் சொல்லும் பாடத்துக்குக் காசு வேண்டாம்.

தடித்த மண்சுவர் பகல் வெயிலை மெதுவாகவே உள்வாங்கும். அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பாலைவன இரவு குளிரும்போது சுவரிலிருந்து வரும் வெதுவெதுப்பு விருந்தினருக்கு இதமாகவே இருக்கும். மெல்லிய கான்கிரீட் தளத்தின் கீழே படுத்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கு எது பொருந்தும்?

உப்புச் சுவரை நம் ஊரில் அப்படியே கட்டலாமா? கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதல் ஆண்டே கரைந்துவிடும். சீவாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் யோசித்த விதத்தை.

1. கைக்கெட்டும் பொருளை முதலில் பாருங்கள். செம்மண், சுண்ணாம்பு, நாட்டு ஓடு, பனங்கை ஆகியவை நமக்குப் புதியவை அல்ல. பச்சைப் பனையை வெட்ட வேண்டாம். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கையும், நல்ல கதவு நிலைகளும் கிடைக்கும்.

2. மண்சுவரின் தலையும் நனையக் கூடாது, காலும் நனையக் கூடாது. கருங்கல் அடித்தளத்தைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்துங்கள். கூரையைச் சுவருக்கு வெளியே இரண்டு, மூன்று அடி இறக்குங்கள். மண்சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு வேண்டாம். அது ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துப் பிறகு பெயர்ந்து விழும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்.

3. காற்றுக்கு வழி வேண்டும். பாலைவன இரவைப்போல நம் கடலோர இரவு குளிராது, புழுக்கமும் உண்டு. ஆகவே தடித்த சுவர் மட்டும் போதாது. எதிரெதிரே ஜன்னல், நடுவே முற்றம், மேற்கே நிழல் தரும் மரம் அல்லது தாழ்வாரம் வேண்டும்.

4. தொழில் தெரிந்தவரைத் தேடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நம் இளைஞர் இருவரைச் சேர்த்துவிட்டால், ஒரு கட்டடத்தோடு ஒரு தொழிலும் ஊரில் தங்கும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் வெளியே போகும் பணத்தில் ஒரு பகுதி கூலியாக ஊருக்குள்ளேயே சுற்றும்.

5. பராமரிப்பையும் சேர்த்தே திட்டமிடுங்கள். மாலி நாட்டில் ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசல் 1907-ல் மண்ணால் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் ஊரே கூடி அதற்குப் புதிதாக மண் பூசுகிறது. அதனால்தான் நூறாண்டு கடந்தும் நிற்கிறது. மண் கட்டடம் மலிவு என்று கட்டிவிட்டு மறந்துபோனால் அது நிலைக்காது.

கட்டட வேலைக்கு வசூல் தொடங்கும் முன் நிர்வாகிகளும் ஊராரும் ஒன்றாக உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. பொருள் எங்கிருந்து வருகிறது? கோடை நடுப்பகலில் மின்சாரம் நின்றால் உள்ளே ஒரு முதியவரால் படுக்க முடியுமா? ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் யார் பொறுப்பு, பணம் எதிலிருந்து? மூன்றுக்கும் விடை எழுதிவைத்த பிறகு வரைபடம் போடச் சொல்லுங்கள்.