முதல் பரு வந்தவர்களுக்கு

புதுவயலில் என் மருந்துக்கடைக்கு இரண்டு சீசன் உண்டு. ஒன்று மழைக்காலக் காய்ச்சல். இன்னொன்று தை பிறந்து முகூர்த்தம் தொடங்கியதும் வரும் பருக் கூட்டம். "ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா கல்யாணம், அதுக்குள்ள மறையணும்" என்று கன்னத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நிற்பார்கள். 36 வருஷம் கல்லாவில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறைந்த பரு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கடை இப்போது மகன் பொறுப்பு. மகன் வீட்டுப் பேத்திக்கு 14 வயது. போன மாதம் மோவாயில் முதல் பரு எட்டிப் பார்த்தது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நான் அவளுக்குச் சொன்னவை இவை. இதே வயசில் கண்ணாடி முன் நிற்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

1. பரு அழுக்கால் வருவதில்லை. தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும், சுரப்பியும் வேலையைக் கூட்டும். அதே சமயம் துளையின் வாயில் உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் ஒட்டிக்கொள்ளும். நம்ம ஊரில் அரிசி ஆலைக்குள் போகாத பிள்ளை கிடையாது. எலிவேட்டரில் நெல் ஏறிக்கொண்டே இருக்க, இறங்குகிற குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் உன் கன்னத்திலும் நடக்கிறது. தேங்கிய எண்ணெயில் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகும், உடம்பு அதை எதிர்க்கும், சிவந்து வீங்கும். மூக்கில் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கு அல்ல. அடைப்பின் மேல்முனை காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். "மூஞ்சியக் கழுவுறதில்ல, அதான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ.

2. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு முறை முகம் கழுவினால் போதும். ஆலையில் வேலை பார்த்தோ, பந்து விளையாடியோ வேர்த்து வந்தால் மூன்றாவது முறை. சாதாரண சோப்பு காரம் மிகுந்தது, நம் தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. வறட்சி தாங்காமல் தோல் எரியும். முகத்துக்கென்று விற்கும் மென்மையான கழுவி ஏதாவது ஒன்று வாங்கிக்கொள். விலை கூடினால் பரு குறையும் என்ற கணக்கு இல்லை. பயத்தமாவு பழகியவர்கள் அதையே பயன்படுத்தலாம், ஆனால் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்த நைஸ் மாவாக இருக்கட்டும். தவிட்டையும் சர்க்கரையையும் வைத்து அரக்கித் தேய்ப்பதை விட்டுவிடு. பாத்திரமா விளக்குகிறாய்?

3. கிள்ளாதே. பிதுக்கினால் வெளியே வருவதைவிட உள்ளே போவது அதிகம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஒரு வாரம் இருந்தால், அது விட்டுப்போகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வந்ததை நகத்தால் தொடவே கூடாது. அங்கிருந்து ரத்தக் குழாய் மூளைப் பக்கம் போகிறது.

4. அம்மியில் அரைப்பதில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலேயே சண்டை இதில்தான்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். எனக்கு 16 வயதில் என் ஆத்தா அரை மூடி எலுமிச்சையை நெற்றியில் தேய்த்துவிட்டார். அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் காரைக்குடி சந்தைக்குப் போனேன். மறுநாள் சிவந்தது, அடுத்த வாரம் சாறு ஓடிய கோட்டிலேயே காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டு விழுந்தது. எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்கும் என்பது மருந்தாளுநர் படிப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் இன்றும் அந்தக் கோடு இருக்கிறது. பற்பசையும் இந்த ரகம்தான். காய வைப்பதுபோல் தெரியும், சுட்டுவிடும்.

முட்டை வெள்ளைக்கரு பற்றி என் சம்சாரத்துக்கு ஒரு வாதம் உண்டு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்போடு வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினார்கள், நூறு வருஷமாகியும் தொட்டால் பளிங்குபோல் வழுக்குகிறது, முகத்துக்கு மட்டும் ஆகாதா என்பார். சுவருக்குத் துளை அடைந்தால் நல்லது. முகத்துக்குத் துளை அடைந்ததுதான் வியாதியே. இதைச் சொல்லி 20 வருஷமாகிறது, அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சந்தனத்தைக் கல்லில் இழைத்துப் பன்னீரோடு போடுவதில் தப்பில்லை, குளிர்ச்சி. பரு போகாது, எரிச்சல் அடங்கும். சோற்றுக்கற்றாழையும் அப்படியே. மஞ்சள் நிறப் பாலை வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றை மட்டும் எடு. கஸ்தூரி மஞ்சளில் ஏமாற்று அதிகம். உண்மையான கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறிய சந்தன நிறம். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் அது வேறு கிழங்கு. சாதிக்காயை அப்படியே உரசிப் போட்டால் பலருக்கு எரிகிறது. எதைப் போடுவதானாலும் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடு.

பரிசோதனையில் தேறிய ஒன்றும் இருக்கிறது: டீ ட்ரீ எண்ணெய். 1990இல் ஆஸ்திரேலியாவில் அதை 5 சதவீத ஜெல்லாக்கி, பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். மெதுவாகவே வேலை செய்தது, ஆனால் செய்தது, எரிச்சலும் குறைவு. கலக்காத எண்ணெயைப் பாட்டிலில் இருந்து நேராகப் பூசுவது வேறு கதை. புண்ணாகும்.

5. நெற்றியில் மட்டும் மணல் கொட்டியதுபோல் பொடிப்பொடியாக வந்தால், முதலில் தலை எண்ணெயைச் சந்தேகப்படு. வகிடெடுத்துப் பின்னி வழிய வழிய எண்ணெய் வைக்கும் ஊர் நம்முடையது. தலைக்குப் போடும் பிசுக்கு நெற்றியில் பருவாகும் என்று 1970இலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். சனி நீராடுவதை விட வேண்டாம். எண்ணெயை முன்நெற்றிக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்து, தலை அலசி முடித்த பிறகு கடைசியாக முகம் கழுவு, தலையணை உறையை வாரம் ஒரு முறை மாற்று. பையன்களுக்கு ஹெல்மெட் வாரும் அதே வேலையைத் தாடையில் செய்யும்.

6. மருந்து. மருத்துவரிடம் போகுமளவு இல்லாத, பத்துப் பன்னிரண்டு பரு உள்ளவர்களுக்கு இரண்டு பெயர் தெரிந்தால் போதும். ஒன்று பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். 5, 10 என்று கூட்டுவதால் பலன் பெரிதாகக் கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். இன்னொன்று அடாபலின் 0.1 சதவீத ஜெல். இது அடைப்பையே அவிழ்ப்பது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குக் காத்திருப்பவர்களும் அடாபலின் பக்கம் போகக்கூடாது.

போடும் முறையில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பருமேல் மட்டும் பொட்டு வைப்பார்கள். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும் பரு பல வாரம் முன்பே தோலுக்குள் தொடங்கியது. நாளைக்கு வரப்போவதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. இரவு முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, கால் மணி நேரம் காய விடு. ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரலில் எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, மோவாய் என ஐந்து புள்ளி வைத்து மெல்லியதாகப் பரப்பு. கண், உதட்டோரம் தொடாதே. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரிந்தால் மேலே எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஈரப்பசைக் கிரீம் போடு. மூன்றாவது வாரம் பரு கூடியதுபோல்கூடத் தெரியும். அப்போதுதான் பாதிப் பேர் டியூபை வீசுகிறார்கள். பலன் 8 வாரத்தில் தலைகாட்டும், சரியாகச் சொல்ல 12 வாரம் வேண்டும். நெல் விதைத்தவனுக்கு இது புரியும்.

பெராக்சைடு போட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது துணியை வெளுக்கும். என் மகள் படிக்கிற காலத்தில் அவள் அம்மாவின் அரக்குக் கண்டாங்கி மடியில் முகம் வைத்துத் தூங்கிவிட்டாள். காலையில் சேலையில் உள்ளங்கை அகலம் ஆரஞ்சுத் திட்டு. பருவைவிட அதற்குத்தான் வீட்டில் அழுகை. வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்.

7. இது என் பாவக்கணக்கு, ஆத்தா. கவனமாகக் கேள்.

தொண்ணூறுகளில் ஒரு வகை கலவைக் கிரீம் வந்தது. பரு, படை, கறுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே டியூப். மூன்றே நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கும், சிவப்பு அடங்கும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். சீட்டு கேட்கவில்லை. அதில் இருந்தது ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். ஒருநாள் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். ஏழெட்டு மாதமாக என்னிடமே வாங்கியவள். துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். கன்னத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, அடியில் சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய் ஓடியது, தாடையில் பூனைமுடி கறுத்திருந்தது. "விட்டா எரியுது ஐயா, போட்டா அடங்குது" என்றாள். வெயிலில்கூட நிற்க முடியவில்லை அவளால். அன்றைக்கு அந்த டியூப்களைக் கடையிலிருந்து எடுத்தேன். எடுத்து என்ன, வாங்கியவர்களின் முகம் திரும்புமா?

இதற்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு இந்தக் கிரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, அழகு நிலையத்தில் பெயர் ஒட்டாத டப்பாவிலும் கிடைக்கிறது. டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் மருந்துப் பெயரைப் படி. '-சோன்' என்றும், '-சால்' என்றும் முடியும் பெயர் கண்ணில் பட்டால், அது என்னவென்று கேட்காமல் வாங்காதே. மூன்று நாளில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதே, பயப்படு. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் முகம் கொப்பளித்துக் கிளம்பும். மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

8. சாப்பாடு. கோழி வறுவலும் மிளகும் 'சூடு', அதனால் பரு என்பார்கள். காரத்தால் பரு வருவதற்கு உறுதியான சான்று இல்லை. சான்று ஓரளவு இருப்பது ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாட்டுக்கும், பாலுக்கும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பரு இல்லை. அவர்கள் உணவு கிழங்கு, பழம், மீன், தேங்காய். அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ரத்த வழியும் இருக்கலாம். அரிசி ஆலைகளால் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு பாலீஷ் அரிசியைக் குறை சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆகவே இவ்வளவு மட்டும்: கந்தரப்பம், அதிரசம், பால் பணியாரம் தீபாவளிக்கும் விசேஷத்துக்கும் இருக்கட்டும், தினம் பேக்கரி வேண்டாம். கவுனி அரிசி நல்லதுதானே என்று கேட்காதே. நாம் அதில் போடும் சர்க்கரை அரிசிக்குச் சமம். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் புரோட்டீன் பவுடர் தொடங்கிய பிறகு முதுகில் பரு கிளம்பினால் டப்பாவை இரண்டு மாதம் மூடிப் பார்க்கட்டும், அது பெரும்பாலும் பாலில் இருந்து எடுப்பது.

9. வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30 கிரீம், அல்லது குறைந்தது குடை. தழும்பு கறுப்பதும் வெயிலால், அடாபலின் போட்ட தோல் கூசுவதும் வெயிலால்.

10. வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. வலியோடு உருண்டை உருண்டையாக ஆழத்தில் வருவது, குழி விழுவது, 12 வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாதது, இவற்றுக்கு மருத்துவரைப் பார். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, மோவாயில் முடி வளர்கிறது, கூடவே பரு என்றால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். கிரீமால் தீராது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. கடும் பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை எழுதுவார்கள். நல்ல மருந்து, ஆனால் கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகச் சேதப்படுத்தும். தோழியின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடும் பழக்கம் இதில் கூடவே கூடாது.

11. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எதையும் புதிதாகத் தொடங்காதே. பேஷியல் உட்பட.

12. இது பெரியவர்களுக்கு. பந்தியில் உட்கார்ந்து எதிர் இலைப் பிள்ளையைப் பார்த்து "என்னத்தா மூஞ்சில இப்படி?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை காலையில் ஆறு தடவை கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. அதற்குத் தெரியாத செய்தி ஒன்றும் உங்களிடம் இல்லை.

பேத்தி அடாபலின் தொடங்கிய தேதியைக் கடை காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள், வாரத்துக்கு ஒரு கோடு. இன்றைக்கு நாலாவது கோடு. மோவாயில் இருந்தது அமுங்கிவிட்டது, மூக்கோரம் புதிதாக ஒன்று. நேற்று ராத்திரி கண்ணாடி முன் கையைக் கொண்டுபோனவள், கதவோரம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு மூக்குத்தியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். அவளுக்கு இன்னும் மூக்கு குத்தவில்லை.