கொதிநிலையும் ஒரு கடல் விபத்தும்

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். அது கடல்மட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் 90 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் 1919-ஆம் ஆண்டில் இரண்டு பேரின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தை 72 மணி நேரத்துக்குள் முதலில் பறந்து கடப்பவருக்கு 'டெய்லி மெயில்' பத்திரிகை 10,000 பவுன் பரிசு அறிவித்திருந்தது. மே 18 அன்று ஹாரி ஹாக்கர் என்ற விமானியும், வழி கணிக்கும் மெக்கன்சி கிரீவும் நியூபவுண்ட்லாந்திலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பினார்கள். பாரம் குறைய, கிளம்பியதும் சக்கரங்களை உதறிவிட்டார்கள்.

அந்த எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர். சில மணி நேரத்தில் அதன் வெப்பநிலை ஏறத் தொடங்கியது. வடிகட்டியில் கசடு அடைத்துக்கொண்டது என்று ஹாக்கர் பிற்பாடு கூறினார். தண்ணீர் சரியாகச் சுற்றிவராவிட்டால் என்ன ஆகும்? கொதித்து ஆவியாகப் போய்விடும். நடுக்கடலின் மேலே மறுபடி ஊற்ற வழியேது?

மேகங்களைத் தாண்ட உயரே ஏற வேண்டும். ஏறும்போது எஞ்சின் அதிகமாக உழைக்கும், வெப்பம் கூடும். அங்கே கொதிநிலையோ குறைவு! எஞ்சினை நிறுத்திக் கீழ்நோக்கிப் பாய்ந்தால் கசடு விலகும் என்று ஹாக்கர் முயன்றார். முதலில் பலித்தது, பிறகு பலிக்கவில்லை.

எஞ்சின் அடியோடு நிற்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கப்பல்கள் செல்லும் பாதையைத் தேடித் திரும்பினார்கள். 'மேரி' என்ற டென்மார்க் கப்பல் தென்பட்டது. அதற்கு முன்னால் கடலில் இறங்கினார்கள். சக்கரங்கள் இருந்திருந்தால் தண்ணீரில் மாட்டி விமானத்தைக் குப்புறத் தள்ளியிருக்கலாம். விமானம் மிதந்தது, கப்பலார் இருவரையும் மீட்டனர்.

ஆனால் அந்தக் கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லை! இருவரும் இறந்துவிட்டதாகவே உலகம் நம்பியது. ஹாக்கரின் மனைவிக்கு மன்னரின் அனுதாபத் தந்திகூட வந்தது. மே 25 அன்று, ஸ்காட்லாந்துக் கரையோரம் அக்கப்பல் கொடிகளால் சைகை காட்டிய பிறகே உண்மை தெரிந்தது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஊசியில்லாத சிரிஞ்சில் கால் பங்கு சுடுநீரைப் பெரியவர் துணையோடு எடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். காற்றை வெளியேற்றி, முனையை அடைத்து, தண்டை இழுங்கள். குமிழிகள் கிளம்பும். அடுப்பில்லாமல் நீர் கொதிப்பது ஏன் என்று இப்போது உங்களால் சொல்ல முடியுமல்லவா?